ஆயம் பார்த்துக் கட்டிய பந்தய வண்டி

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தே பல வருஷங்கள் போய்விட்டன. பேனாவை எடுப்பேன். ஒரு வரி எழுதுவேன். பிறகு மூடி வைத்துவிட்டு, விபூதி பூசிக்கொண்டு கோயிலுக்குப் போய்விடுவேன். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன் என்பது ஒரு காரணம்தான். பெரிய காரணம், இது சாமி சம்பந்தப்பட்ட காரியம். படிக்கிறவர் சிரித்துவிட்டால் அந்தப் பாவம் சிரித்தவரைச் சேருமா, எழுதினவனைச் சேருமா என்று எனக்கு விளங்கவில்லை. கடைசியில் எங்கள் கோயில் பூசாரியிடமே கேட்டேன். "நடந்தத நடந்தபடி எழுதுங்க. சிரிப்பு வந்தா அது அவுக அவுக வயிறு" என்றார். அதனால் எழுதுகிறேன்.

ஜெர்மன், ஜப்பான் சண்டை முடிந்த மறு வருஷம். நூலுக்குக் கட்டுப்பாடு இருந்ததால் அருப்புக்கோட்டையில் எங்கள் தெருத் தறிகள் பாதி நாள் சும்மா கிடந்தன. அந்தச் சமயத்தில்தான் என் மனைவியின் தம்பி பட்டாளத்திலிருந்து திரும்பி வந்தான். பர்மா எல்லையில் மோட்டார் சைக்கிள்களைப் பழுது பார்த்தவன். தாய் தகப்பன் இல்லாத என் மனைவிக்கு உடன்பிறந்தவன் அவன் ஒருவன்தான். அவன் உயிரோடு வந்ததற்காக அவள் திருச்சுழிக்கு நடந்தே போய் விளக்கேற்றி வந்தாள். வீடு வந்து சேர்ந்தால், அவன் பினாங்குக்குப் போகிறேன் என்கிறான். வீரசோழன் ஊர்க்காரரான வியாபாரி ஒருவர் அங்கே லாரிக் கம்பெனி வைத்திருந்தார். நல்ல மனிதர். வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்.

"இங்க இருந்து என்னத்த ரிப்பேர் பாக்க? உங்க தறியவா?" என்றான் மைத்துனன்.

"ரெண்டு தறி நொண்டுது. அதப் பாரு" என்றாள் அவள்.

வீட்டில் நாங்கள் பேசுவது தெலுங்கு. படிக்கிறவர்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன். அவள் அழுதது எந்தப் பாஷையிலும் ஒன்றுதான். "இந்தத் தடவ கப்பல் ஏறுனான்னா, என் சாவுக்குக்கூட வரமாட்டான்" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அவனை ஊரில் நிறுத்த வழி கொடு என்று நானும் தினமும் காலையில் சாமியிடம் கேட்டேன்.

வழி, பருத்தியிலிருந்து பஞ்சு பிரிக்கும் ஜின்னிங் மில் முதலாளி மூலமாக வந்தது. மதுரைப் பக்கத்துக் கனவான்கள் சேர்ந்து ஒரு மோட்டார் கிளப் நடத்தினார்கள். முதலாளி அதில் புதிதாகச் சேர்ந்திருந்தார். கோடையில் பாலவனத்தம் பக்கத்துக் கண்மாய் ஒன்று வற்றிக் கிடக்கும்போது, அதற்குள்ளேயே மோட்டார் சைக்கிள் பந்தயம் வைப்பதாக ஏற்பாடு. மெம்பர்கள் தங்கள் செலவில் கட்டிய வண்டிதான் ஓட வேண்டும். முதலாளியிடம் பட்டாளம் விற்றுத் தள்ளிய மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தது. அதன் மேல் எப்போதோ லாரி ஏறி, பிரேம் முறுக்கிய துணி போலக் கிடந்தது. எஞ்சின் மட்டும் நன்றாக இருந்தது.

அவர் மைத்துனனைக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஏப்பா, ஜெயிக்கணும்னு நான் கேக்கல. எல்லாச் சுத்தும் ஓடி முடிச்சுக் காட்டு. மில்லு ஓரத்துல ஷெட்டு போட்டு உனக்குப் பட்டறை வச்சுத் தாரேன். பாதியில நின்னா நீ உன் கப்பலப் பாரு, நான் என் பஞ்சப் பாக்கேன்."

அன்று முதல் எங்கள் தறிக்கூடம் வண்டிக்கூடம் ஆயிற்று. மைத்துனன் சொல்வான்: "எஞ்சின் எல்லாருக்கும் ஒண்ணுதான் அத்தான். ஓடுறது பிரேமுதான். ரெண்டு சக்கரமும் கிட்டக்கிட்ட இருந்தா வண்டி வெடுக்குனு திரும்பும். தள்ளித்தள்ளி இருந்தா ஆடாம நேரா போவும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு இடம் இருக்கு. அதப் பிடிக்கணும்." அந்த இடம் பார்த்து வண்டியை அவன் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் முழு அளவுக்கு வரைந்தான். சக்கரம், எஞ்சின் உட்காரும் தொட்டில், முன் சக்கரத்தைப் பிடிக்கும் கவை எல்லாம் இருந்தன. பார்க்க அழகாக இருந்தது. என் மனைவி அதைத் தாண்டாமல் சுற்றிக்கொண்டு நடந்தாள்.

பிறகு குழாய் வாங்க மதுரைக்குப் போனான். அவன் போயிருந்தபோது வெள்ளிக்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை என்றால் வீடு மெழுக வேண்டும். அவள் மெழுகிவிட்டாள். பிரேம் சாணிக்குள் போய்விட்டது.

அன்றைக்கென்று திருச்சுழித் தேருக்குச் சக்கர வேலை பார்த்துக்கொண்டிருந்த ஆசாரி ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். நான்தான் வரச் சொல்லியிருந்தேன். அதற்கு முந்தின பிரதோஷத்தன்று அவரிடம் வண்டி விஷயத்தைச் சொன்னபோது, "சக்கரம் வச்ச எதையும் ஆயம் பாக்காமக் கட்டலாமா தம்பி? மாட்டு வண்டிக்கே பாக்கோம்" என்றார். எனக்கு அது நியாயமாகப் பட்டது. இப்போதும் படுகிறது. நீளத்தைக் கணக்குப் போட்டு, அது நல்லது செய்யுமா கெட்டது செய்யுமா என்று பார்ப்பதுதான் ஆயம்.

மைத்துனன் போகும்போது இரண்டு சக்கரத்துக்கும் நடுவே உள்ள நீளத்தை ஒரு கயிற்றில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தான். ஆசாரி அந்தக் கயிற்றை முழக்கோலில் வைத்து அளந்து, விரலை மடக்கி மடக்கிக் கணக்குப் போட்டார்.

"கழுதை" என்றார்.

"யாரச் சொல்றாக?" என்றாள் என் மனைவி உள்ளிருந்து.

"நீளத்தச் சொல்றேம்மா. இந்த நீளத்துக்குக் கழுதை வருது. சிங்கம் வரலாம், காளை வரலாம், யானை வரலாம். கழுதையும் நாயும் காக்காயும் வரக்கூடாது." இன்னொரு விரற்கடை கூட்டினார். "இப்பக் கொடி வருது. நல்லதுதான். ஆனா வரவ விடச் செலவு கூட நிக்குது."

"பெட்ரோல் செலவா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் சாத்திரம் பிரிச்சுச் சொல்லாது தம்பி. செலவுன்னா செலவு."

இன்னும் ஒரு விரற்கடை கூட்டினார், நாய் வந்தது. அடுத்ததற்கு யானை வந்தது. எனக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. அப்போதுதான் அவர் ஓட்டுகிறவன் நட்சத்திரம் என்ன என்று கேட்டார். யானைக்கும் அதற்கும் ஆகவில்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். எல்லாம் பொருந்தி யானை வந்தபோது வண்டி ஒரு முழத்துக்கு மேல் நீண்டிருந்தது. பின்பக்கம் எஞ்சினும் சங்கிலியும் இருந்ததால் நீட்ட இடமில்லை. முன்பக்கக் கவையைத்தான் வெளியே சாய்த்து நீட்ட வேண்டியிருந்தது. ஆசாரி சுண்ணாம்புக் கட்டியை வாங்கி, ஈரம் காய்ந்த தரையில் புதுசாக வரைந்துவிட்டுப் போனார்.

குழாய்களோடு திரும்பி வந்த மைத்துனன் தரையைப் பார்த்தான். தன் கயிற்றை எடுத்து அதன் மேல் வைத்தான். ஒரு முழம் போதவில்லை.

"அத்தான், இது வண்டியில்ல. தேரு."

"யானை வந்திருக்கு மாப்ளே" என்றேன்.

"வரட்டும். வந்து எங்க திரும்பும்?"

அவன் நேரே முதலாளியிடம் போய் முறையிட்டான். முதலாளி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பட்டாளத்துல ஆயம் பாத்தா கட்டுனான்? அதாம்ப்பா லாரி ஏறிருச்சு" என்றார்.   ஆசாரி சொன்னபடியே கட்டு என்று உத்தரவாகிவிட்டது.

கட்டினோம். குழாய்களைப் பொருத்தும் இடங்களில் பித்தளையை உருக்கி ஓடவிட்டு, வெங்காரம் தூவி ஒட்டுப்போட்டது தெருக்கோடியில் பாத்திரம் செய்கிறவர். குடத்துக்குப் போடும் ஒட்டுத்தான், கொஞ்சம் கனமாக. இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் நிற்கிறதா என்று பார்க்கும் வேலை எங்களுடையது. எங்கள் தெருவில் காலையில் பாவு விரிப்போம். தெரு நீளத்துக்கு நூல்கள் விறைத்து நிற்கும். அந்த நூல்களுக்கு நடுவில் வண்டியை நிறுத்தி, சக்கரத்தின் இரண்டு பக்கமும் நூல் உரசுகிறதா என்று பார்த்தோம். பாவில் ஒரு இழை கோணலாகப் போனாலே கண்டுபிடிக்கிற கண்கள் எங்கள் கண்கள். தெருவே கூடி நின்று, "அரை மயிரு இடது பக்கம்", "போதும், போதும்" என்று சொல்லிச் சொல்லி நேர் பார்த்துக் கொடுத்தது. அவ்வளவு நேரான வண்டி அதற்கு முன்னும் பின்னும் இந்தச் சீமையில் இருந்ததில்லை.

திருச்சுழி ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். ரோடு கோடு கிழித்தது போலப் போகும். வண்டியும் அப்படியே போயிற்று. மைத்துனன் இரண்டு கையையும் விட்டுவிட்டுத் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டே போனான். மாட்டுவண்டிக்காரர் ஒருவர் தன் வண்டியை நிறுத்திக் கும்பிட்டார். திரும்பி வந்தபோது அவன் முகமே மாறியிருந்தது. "அத்தான், ஆசாரி சும்மா சொல்லல. கை வைக்கவே வேண்டாம், கேட்டியளா" என்றான். அதன் பிறகு தினமும் ஓட்டினான்.

வண்டியின் அந்தக் குறை ஏன் முன்னாடியே தெரியவில்லை என்று பிற்பாடு எல்லாரும் எங்களைக் கேட்டார்கள். அதைச் சொல்லிவிடுகிறேன். ரோட்டுக் கடைசியில் வண்டி நின்றதும், நாங்கள் நாலு பேர் முன்னும் பின்னும் தோள் கொடுத்துத் தூக்கி, திருப்பி வைப்போம். சாமி வாகனத்தை முனையில் அப்படித்தானே திருப்புகிறோம்? தூக்கினவர்கள் எல்லாரும் வருஷா வருஷம் வாகனம் தூக்குகிற ஆட்கள். இதற்கும் தோள் தானாகப் போய்விட்டது. மைத்துனனும் இறங்காமல் மேலேயே உட்கார்ந்திருப்பான். தூக்காமல் அது திரும்புமா என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

பந்தய நாளும் வந்தது. வற்றிய கண்மாய்க்குள் தரை பாளம் பாளமாக வெடித்து, வறட்டி போல இறுகிக் கிடந்தது. கரைப் பக்கம் ஒரு தார்ப் பீப்பாய், உள்ளே கருவேல மரங்கள் இருக்கும் பக்கம் ஒரு தார்ப் பீப்பாய். இதைச் சுற்றிப் போய் அதைச் சுற்றி வர வேண்டும். கரையெல்லாம் ஜனம். தேருக்கு முதல் ஓட்டம் விடும்போது செய்கிற மாதிரி, ஆசாரி தேங்காய் உடைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். வெள்ளோட்டம் என்பதால் தன் ஆட்கள் நாலு பேரோடு, தேரை நிறுத்தும் முட்டுக்கட்டையும் கொண்டுவந்திருந்தார். கிளப் செக்ரட்டரி ஒரு மதுரை வக்கீல். கழுத்தில் விசில் தொங்கியது. அவர் முட்டுக்கட்டையைப் பார்த்து, "இது எதுக்கு?" என்றார். "தேவைப்படாது" என்றார் ஆசாரி.

விசில் ஊதியதும் எங்கள் வண்டி எல்லாரையும் விட்டுவிட்டு முன்னால் பாய்ந்தது. மற்ற வண்டிகள் வெடிப்புகளில் துள்ளித் தள்ளாடின. எங்கள் யானை பாவு நூல் மேல் போவது போலப் போயிற்று. முதலாளி துண்டை எடுத்து வீசினார். பீப்பாய் வந்தது. மைத்துனன் சாய்ந்தான். வண்டியும் அவனோடு மரியாதையாகச் சாய்ந்தது. ஆனால் திரும்பவில்லை. கைப்பிடியை வளைத்தால் அது பெட்ரோல் டாங்கில் முட்டி நின்றது. பீப்பாயைத் தாண்டி, கருவேல மரங்களுக்குள் நேராகப் போய், கொஞ்ச நேரம் சத்தம் மட்டும் கேட்டு, நின்றது. உள்ளே மேய்ந்த ஆடுகள் எல்லாத் திசையிலும் வெளியே வந்தன.

நாங்கள் ஓடினோம். ஆசாரியின் ஆட்களும் ஓடி வந்தார்கள். மைத்துனன் முள்ளுக்குள் உட்கார்ந்திருந்தான்.

"திரும்பலையே மாப்ளே" என்றேன்.

"தேரு எங்க அத்தான் தானாத் திரும்பும்?" என்றான். "தூக்குங்க."

தூக்கித் திருப்பி வைத்தோம். நேராகப் போனான். அந்தப் பக்கப் பீப்பாய்க்கு ஆசாரியின் ஆட்கள் குறுக்கே ஓடினார்கள். அவர்கள் முன்சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுத்து நிறுத்தி, "ஓ" என்று குரல் கொடுத்துத் திருப்பினார்கள். அதற்குப் பிறகு அதுவே முறையாயிற்று. கருவேலப் பக்கம் நெசவுக்காரர் நாலு பேர், கரைப் பக்கம் தேர்க்காரர் நாலு பேர். நடுவில் வண்டி அம்பு போல வரும், போகும்.

செக்ரட்டரி விசில் ஊதிக்கொண்டே ஓடி வந்தார். "யாருய்யா இவங்கள்லாம்?"

"வண்டியோட பரிவாரம்" என்றார் முதலாளி.

"வெளியாள் வண்டியத் தள்ளக்கூடாது, ரூல் இருக்கு."

"இவுக எங்க தள்ளுனாக? தூக்குறாக. தூக்கக்கூடாதுன்னு இருக்கா?"

செக்ரட்டரி தன் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். இல்லை. "கடைசியில சொல்றேன்" என்று போய்விட்டார்.

மற்றவர்களுக்கும் அன்று நல்ல நேரம் இல்லை. கருவேல முள் சிலரை நிறுத்தியது, வெக்கையில் எஞ்சின் சிலரை நிறுத்தியது. ஓடி முடித்தவர்கள் குடையடியில் சர்பத் குடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வண்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கரையில் ஜனம் சிரிப்பதை நிறுத்தவே இல்லை. சில பேர் நாங்கள் தூக்கும்போது "அரோகரா" போட்டார்கள். கேலிக்குப் போட்டார்களோ பக்தியில் போட்டார்களோ, காதில் விழுந்தபோது பலமாகத்தான் இருந்தது.

கனவான்கள் சிரிக்கச் சிரிக்க முதலாளியின் முகம் கறுத்துவிட்டது. கடைசிச் சுற்றில் வெள்ளை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்கள் பீப்பாய்க்கு வந்தார். "போதும்டா. நிறுத்துங்க. மானம் போவுது" என்றார்.

"ஒரு சுத்துதான் முதலாளி" என்றேன்.

"ஒரு சுத்தும் வேண்டாம். நிப்பாட்டச் சொல்றேன்."

 என் மனைவி கரை மேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்காமல் நின்ற ஒரே ஆள் அவள்தான். அவள் கும்பிட்ட கையை இறக்கவில்லை. முதலாளி செக்ரட்டரியைப் பார்த்துக் கையசைத்தால் போதும், அவள் தம்பி கப்பலில் ஏறிவிடுவான். நான் உள்ளுக்குள் சாமியைக் கூப்பிட்டேன். வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

வண்டி வந்து நின்றது. எங்களில் ஒருவர் காலில் முள் ஏறி உட்கார்ந்துவிட்டிருந்தார். மூன்று பேர்தான் இருந்தோம். தூக்கினோம். முன்பக்கம் எழும்பியது, பின்பக்கம் ஒரு மூலை தாழ்ந்து, வண்டி மைத்துனனோடு சரிந்தது. "மூல, மூல" என்று கத்தினேன். வாகனம் சரியும்போது கத்துகிற அதே சத்தம்.

முதலாளி எங்கள் ஊர்த் திருவிழாவில் வருஷா வருஷம் வாகனத்துக்கு முதல் தோள் கொடுக்கிறவர். நிறுத்துங்கடா என்று வாய் சொல்லிக்கொண்டிருக்கும்போதே செருப்பை உதறிவிட்டார். தோள் கீழே வந்து மூலையைத் தாங்கிவிட்டது. "ஏ, மெதுவா. வலப்பக்கம் இறக்கு. பாத்து" என்று எங்களுக்கே உத்தரவு போட ஆரம்பித்தார். திருப்பி வைத்தபோது அவருடைய வேட்டியெல்லாம் எண்ணெய்.

"போப்பா" என்றார் மைத்துனனிடம். "நிக்காத."

அவன் போனான். கரைப் பக்கம் பந்தயம் முடியும் சுண்ணாம்புக் கோட்டுக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது எஞ்சின் சத்தம் நின்றுவிட்டது. பெட்ரோல் தீர்ந்துவிட்டது. கூப்பனுக்கு அளந்து கொடுத்த பெட்ரோல், வேறு கிடையாது. இனித் தள்ளினால் ரூல் பிடித்துக்கொள்ளும். வேறு எந்த வண்டியாக இருந்தாலும் அந்த வெடிப்புத் தரையில் ஆடி விழுந்திருக்கும். எங்களுடையது சத்தமில்லாமல், மெதுவாக, இன்னும் மெதுவாக, நேராக உருண்டது. கரையில் சிரிப்பு அடங்கியது. மைத்துனன் மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தான். முன்சக்கரம் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டியது. பின்சக்கரம் கோட்டின் மேல் வந்து நின்றது.

செக்ரட்டரி குனிந்து பார்த்தார். முதலாளியின் வேட்டியையும் பார்த்தார். "கடைசியாத் தூக்குனது மெம்பரே. சரி. பரிசு இடம் எதுவும் இல்ல. ஆனா ஓடி முடிச்சது" என்றார்.

முதலாளி மைத்துனனிடம் வந்தார். மில் கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டு எல்லார் முன்னிலையிலும் சொன்னார்: "ஷெட்டுக்கு ரெண்டு வாசல் வைக்கச் சொல்லுங்க. ஒண்ணு போக, ஒண்ணு வர. உள்ள வச்சுத் திருப்ப முடியாது."

என் மனைவி கரையிலிருந்து இறங்கி வந்து தம்பியின் உடம்பில் இருந்த முள்ளை ஒவ்வொன்றாக எடுத்தாள். அவன் "விடுக்கா, விடுக்கா" என்றான். "பினாங்குல யாரு எடுப்பா?" என்றாள்.  மறுநாள் அவன் வீரசோழனுக்குப் போய் அந்த வியாபாரியிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டு வந்தான். பட்டறை தை மாதம் திறந்தது. பூசை போட்டது ஆசாரிதான். ஆனால் முழக்கோலை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டான் மைத்துனன்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒரு விண்ணப்பம். இந்த வண்டிக் கதையை இப்போதே ஊரில் பல விதமாகச் சொல்கிறார்கள். சாமியே மனித ரூபத்தில் வந்து வண்டியை ஓட்டினார் என்கிறார்கள் சிலர். முதல் பரிசு வாங்கியது என்கிறார்கள் சிலர். ஆசாரி மேல் பழி போட்டுப் பேசுகிறவர்களும் உண்டு. நீங்கள் பிள்ளைகளுக்கோ பக்கத்து வீட்டுக்கோ சொல்வதானால், இங்கே எழுதியிருப்பதை அப்படியே சொல்லுங்கள். ஓட்டினது என் மைத்துனன். தூக்கினது நாங்கள். பரிசு கிடைக்கவில்லை. அவன் ஊரில் தங்கினான். இதில் ஒரு சொல் கூட்டவும் வேண்டாம், ஒரு சொல் குறைக்கவும் வேண்டாம். சாமி செய்தது எவ்வளவோ அவ்வளவு இதற்குள்ளேயே இருக்கிறது.